தொட்டிக்குள் அப்பாவின் கை

அன்று மட்டாஞ்சேரி லாட்ஜில் நானும், அங்கே துப்புரவு வேலை பார்க்கும் அப்பாவும் இருந்தோம், முதலாளி இல்லை. அவருடைய உப்புநீர்த் தொட்டியில் விட, ஒரு மஞ்சள் மீன் வாங்கி வந்திருந்தோம்.

“ஓட்டை போட்ட டப்பாவுல ரெண்டு நாள் தொட்டிக்குள்ள வெச்சு, பழைய மீனுக்குப் பழக்கணும்னு மீன் கடைக்காரச் சேட்டன் சொன்னாருடா.”

“பையோட ஒரு மணி நேரம் மிதந்தாப் போதும்பா. போன்ல வாசிச்சேன்.”

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பா மீன் பையை என்னிடம் நீட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து நான் மீனை விட்டதுமே பழைய நீல மீன் பாய்ந்து அதன் வாலைக் கடித்தது. வலை போட்டேன், மஞ்சள் மிரண்டு பாறை இடுக்கில் புகுந்தது. நீலம் அங்கேயும் விடவில்லை. அப்பா கையை உள்ளே விட்டு, இரண்டுக்கும் நடுவில் சுவர்போல் வைத்துக்கொண்டு நின்றார்.

“வேற ஏதாச்சும் வாசிச்சுப் பாருடா.”

வாசித்தேன். மஞ்சள் செத்து மிதந்தது.

முதலாளி வந்ததும், “நாந்தான் விட்டேன்” என்றார் அப்பா. நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்பாவின் சம்பளத்தில் முதலாளி பிடித்தது இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.