தொண்ணூற்றாறு டிகிரி

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டில் நான் சிவப்பு மையால் அடித்த ஓர் எண்ணை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்ற ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுக்கு அறிவியல் ஆசிரியையாகப் போன இரண்டாம் வருடம் அது. நான் கடலூர்ப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்தவள். மலையின் குளிரும் பஸ் வளைவுகளும் அப்போதுதான் கொஞ்சம் பழகியிருந்தன.

அன்று சின்ன சோதனைதான். தண்ணீரைச் சூடாக்கி, கொதிக்கும்போது தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுத வேண்டும். வகுப்பு முழுக்க நூறு டிகிரி என்று எழுதியிருந்தது. ஒருத்தி மட்டும் தொண்ணூற்றாறு என்று எழுதியிருந்தாள். மிளகும் மரவள்ளியும் போடும் குடும்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். நான் அதை அடித்துவிட்டு மேலே நூறு என்று எழுதினேன்.

மாலை மணி அடித்த பிறகும் அவள் போகாமல் என் மேசை அருகே நின்றாள்.

"டீச்சர், நான் பாத்தது தொண்ணூத்தாறுதானுங்க."

"தெர்மாமீட்டர் பழசு கண்ணு. புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"நூறுங்க."

"அப்புறம் என்ன?"

தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் மதியம் சோதனைக்கூடத்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவளும், கணக்கில் கெட்டிக்காரியான அவள் தோழியும் அலமாரியில் இருந்த மூன்று தெர்மாமீட்டர்களையும் ஒரே பீக்கரில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"மூணும் பழசாங்க டீச்சர்?" என்றாள் தோழி. கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

அன்று மாலை நான் ஒரு தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். தளதளவென்று கொதித்தது. தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை. உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும் என்று கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். மலைக்கு வந்த நாளிலிருந்து பருப்பு வேகவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

அடுத்த நாள் வகுப்பில் அந்த ரெக்கார்டு நோட்டை வாங்கி, என் நூறை அடித்து, அவள் எண்ணைத் திரும்ப எழுதினேன். "தப்பு என்னுது. பாக்காம நூறுன்னு எழுதின நீங்க எல்லாரும் எனக்குத் துணை" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் மாவட்ட அறிவியல் கண்காட்சிப் போட்டிக்குச் சுற்றறிக்கை வந்தது. எரிமலை செய்யலாமா, காற்றாலை செய்யலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது இருவரும் வந்தார்கள்.

"டீச்சர், கொதிக்கிற தண்ணிய வெச்சு மலை எவ்வளவு ஒசரம்னு கண்டுபிடிக்க முடியுங்களா?"

முடியும் என்றேன். எப்படி என்று அவர்களே போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் எனக்கும் சட்டென்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மூவரும் ஸ்பிரிட் விளக்கு, பீக்கர், தெர்மாமீட்டர்களோடு பஸ் ஏறினோம். பாதி மலையில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். சுவர் ஓரமாக விளக்கைப் பற்றவைத்ததும் கடைக்காரர் வந்து நின்றார்.

"ஏனுங்க, டீ நான் போட்டுத் தர மாட்டனுங்களா?"

விஷயத்தைச் சொன்னதும் காற்று அடிக்காமல் இருக்க ஒரு தகரத்தைக் கொண்டுவந்து மறைப்பு வைத்தார். நாங்கள் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குரங்கு ஒன்று நாங்கள் சாப்பிடக் கொண்டுபோன பன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தொண்ணூற்றெட்டு என்று குறித்துக்கொண்டு, பசியோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் தொண்ணூற்றொன்பதைத் தாண்டியது. அங்கே பஸ் நிலையத்தில் பரோட்டா சாப்பிட்டபடியே, அந்த இரண்டு இடங்களின் உயரத்தையும் வரைபடத்தில் பார்த்துத் தோழி தாளில் கணக்குப் போட்டாள். கிட்டத்தட்ட முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி. எங்கள் பள்ளி கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரத்து இருநூறு மீட்டர் என்று வந்தது. வரைபடத்தோடு ஒப்பிட்டோம். பெரிய வித்தியாசம் இல்லை.

நாமக்கல்லில் போட்டி நடந்த கூடத்தில் எங்கள் மேசைதான் ஏழ்மையாக இருந்தது. பக்கத்து மேசையில் மோட்டார் ஓடியது, எதிரே விளக்குகள் மின்னின. எங்களிடம் ஒரு சார்ட்டும் ஒரு பீக்கரும்தான். நடுவர் வந்து சார்ட்டைப் படித்தார்.

"தெர்மாமீட்டர் தப்பா காட்டியிருந்தா என்ன பண்ணுவ?"

"எங்க டீச்சருக்கும் அதே சந்தேகம்தான் வந்துச்சுங்க" என்றாள் மிளகுக்காரர் மகள். எனக்கு முகம் சூடானது. "அதனால இங்கயும் கொதிக்க வெக்கறனுங்க. தெர்மாமீட்டர் தப்புன்னா இங்கயும் தொண்ணூத்தாறுதான் காட்டணுங்க."

விளக்கைப் பற்றவைத்தாள். நடுவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். தண்ணீர் கொதித்ததும், வகுப்பில் பதில் சொல்லவே எழுந்திருக்காத அந்தப் பெண் கூடத்தைக் கடந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, கொதிச்சிருச்சுங்க. வந்து பாக்கறீங்களா?"

வந்தார். குனிந்து பார்த்தார். தொண்ணூற்றொன்பதுக்கு மேல் நின்றது பாதரசம். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "தண்ணிதானுங்க" என்றாள்.

மாவட்டத்தில் முதல் பரிசு கிடைத்தது. மாநிலப் போட்டிக்குச் சென்னை போனோம். அங்கே பரிசு இல்லை. தோழி ரயிலில் வழி நெடுக அழுதாள். இன்னொருத்தி அழவில்லை. சென்னையில் பாதரசம் நூறு வரைக்கும் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டாளே, அது போதுமாக இருந்தது அவளுக்கு.

பிறகு எனக்கு மாற்றல் வந்து ஊர்ப்பக்கம் வந்துவிட்டேன். அவள் இப்போது சேலத்தில் இயற்பியலில் மேற்படிப்பு படிக்கிறாள். தோழி ராசிபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். இப்போது நான் இருக்கும் பள்ளியில் நல்ல சோதனைக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் வருடா வருடம் பரிசும் வாங்குகிறார்கள். சந்தோஷம்தான்.

ஆனாலும் போட்டிக்கு முன்னால் நாங்கள் மூவரும் பள்ளி விட்ட பிறகு சோதனைக்கூடத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துப் பார்த்த அந்த மாலைகள் எங்கேயும் திரும்பக் கிடைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் கொதிக்க எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அதுவரை எங்களுக்கு வேறு வேலை கிடையாது. கடலில் அலை சத்தம் போட்டால் எப்படித் தூங்குவீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். நான் 'வீடு' என்று சொல்லும்போதெல்லாம் 'ஊடு' என்று திருத்துவார்கள். குமிழி கிளம்பியதும் மூன்று பேரும் ஒன்றாகக் குனிவோம். தலை முட்டிக்கொள்ளும்.