சவ்வக்கா

கண்ணாடித் தட்டில் வெந்நீரை ஊற்றி, ஒட்டியிருக்கும் படலத்தின் ஓரத்தை இடுக்கியால் நெம்பிக்கொண்டே, "வாடி கண்ணு, அடம் பிடிக்காதே" என்று கொஞ்சுகிறார் சவ்வக்கா. முட்டை ஓட்டின் உள்தோல் போல ஒன்று மெல்ல உரிந்து மிதக்கிறது. கிழிந்துவிட்டால் கொஞ்சல் போய், "சனியனே!"

சென்சார் கம்பெனியில் அவருக்கு இதுதான் வேலை. குடித்துவிட்டு ஊதுபவரைக் காட்டிக்கொடுக்கும் கருவிக்குள் இந்தச் சவ்வுதான் இருக்கும். கையில் வளையல் கிடையாது, உரசினால் கிழிந்துவிடுமாம். பேச்சிலும் இழுவை கிடையாது. கூட்டம் நீண்டால், "சார், சவ்வு நானு. நீங்க ஏன் இழுக்கறீங்க?" என்று எழுந்துவிடுவார்.

பழைய சவ்வு வெயிலில் காய்ந்துபோகும். காய்ந்தால் கருவி குறைத்துக் காட்டும், குடித்தவனும் தப்பிப்பான். பாலிமர் கரைசலில் சிலிக்காத் தூளைக் கலந்து, ஈரத்தை விடாத கலப்புச் சவ்வு ஒன்றைப் போராடி உருவாக்கினார்கள். தூள் திரளாமல் ஊற்றும் பக்குவம் அக்காவின் கைக்குத்தான் வந்தது.

புதுக் கருவியை முதலில் வாங்கியது ஒரு பஸ் கம்பெனி. அங்கே டிரைவர், அக்காவின் தம்பி. மத்தியானம் கொஞ்சம் போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸை எடுப்பது அவன் வழக்கம்.

"டேய், இது பழசு மாதிரி ஏமாறாது. விட்டுடுடா" என்று அக்கா கெஞ்சினார்.

"நீ செஞ்சதுதானே? என்னைக் காட்டிக்குடுக்குமா?" என்று சிரித்தான்.

அந்த வாரமே ஊதினான். வேலை போயிற்று. தம்பி மனைவி அக்காவை வாசலிலேயே மறித்துக் கேட்டாள்: "ஊரார் குடியைக் கண்டுபிடிக்கச் செஞ்சது, நம்ம குடியைக் கெடுத்துடுச்சே அண்ணி!"

கம்பெனியிலோ, வெயிலிலும் ஒருவன் சிக்கியதை மேனேஜர் வெற்றியாக அறிவித்துக் கைதட்டச் சொன்னார். சிக்கியது யாரென்று அவருக்குத் தெரியாது. அக்காவும் தட்டினார்.

"வருத்தமா இருக்கா?" என்று, அதே கம்பெனியில் வேலை பார்க்கும் நான் கேட்டேன்.

"பஸ் நிறைய ஆளுங்க உக்காந்திருக்காங்களே. நான் செஞ்சது தப்பா, சொல்லுங்க?" என்று சீறினார். பிறகு குரல் இறங்கியது. "சரின்னு சொல்லவும் ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வரலை."

போன ஞாயிறு தம்பி வீட்டுக்கு அவரோடு நானும் போனேன். கதவைத் திறந்தவன், அக்காவைக் கண்டதும் உதடுகளை இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். முகம் சிவந்துகொண்டே வந்தது.

அவன் மூச்சு விடட்டும் என்று, அக்கா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.