என்மேல் வழக்குப் போட நானே துணை போனது

பிள்ளைகளே, நம்ம பலாமரம் ஒரு பக்கம் மட்டும் ஏன் மொட்டையாக நிற்கிறது என்று கேட்டீங்களே, சொல்றேன்.

அங்கே ஒரு கிளை பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே நீண்டிருந்தது. ஒரு பழம் விழுந்து தகரம் கிழிந்துபோனது. மழை வந்தால் அவர்கள் அடுப்பிலேயே ஒழுகும். அந்த வீட்டுக்காரர் கிளையை வெட்டச் சொன்னார். நல்லாக் காய்க்கிற கிளையாச்சே என்று நான் நாளைக் கடத்தினேன்.

ஒருநாள் காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார். "அண்ணே, கேகாலைக்கு ஒரு சிங்கள லோயர்கிட்ட போகணும். நான் ஹட்டன் பக்கத்து ஆளு, சிங்களம் வராது. நீங்க வந்து பேசுங்க."

"யாரு மேல வழக்கு?"

"உங்க மேலதான்."

வேறு யாராவது போய், உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லிவிட்டால்? நானே போனேன்.

"கல்நெஞ்சக்காரன்னு சொல்லுங்க, அண்ணே," என்றார் அவர், லோயர் முன்னால். சொன்னேன். "சோம்பேறின்னும் சொல்லுங்க." அதையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்த லோயர், "யார் அந்த மனுஷன்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மம," என்றேன். நான்தான் என்று.

லோயர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றது. "வழக்கு எதுக்கு? வெட்டுவியான்னு உன்கிட்டேயே கேட்கச் சொல்லு," என்றார். அதையும் தமிழில் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெட்டுவீங்களா, அண்ணே?"

"ஞாயித்துக்கிழமை வெட்டுறேன்."

பஸ்ஸில் அவர் சொன்னார்: "வெட்டலைன்னா மறுபடி வருவேன். நீங்கதான் பேசித் தரணும்."

ஞாயிறுவரை நான் காத்திருக்கவில்லை. அன்றைக்கே ஏறினேன். ஏணியைப் பிடித்தது அவர்தான்.