மஞ்சக் கடுதாசி டாக்டர்

எங்க ஒரகடத்துல மஞ்சக் கடுதாசின்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும். கடனக் கட்ட முடியாதுன்னு கோர்ட்டுல கையத் தூக்குனவன் அனுப்புற நோட்டீஸ் அது. என் தம்பி தசரதனுக்கு மட்டும் அது தெரியல. இத்தனைக்கும் அவன் காலம் பூரா படிச்சுக் கிழிச்சது அந்தத் திவால் சட்டத்தத்தான்.

மெட்ராஸ்ல ஒரு காலேஜ்ல சட்ட வாத்தியார் அவன். கோர்ட்டுப் படி ஏறுனதே இல்ல. கடன்பட்டவன் எவனாவது வழி கேட்டு வந்தா, வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து ஆரம்பிப்பான். வந்தவன் பாதியிலயே நழுவிடுவான். தொண்ணூத்தொண்ணுல டாக்டர் பட்டம் குடுத்தாங்க. ஐயாவுக்குத் தலைகால் புரியல. பாராட்டு விழான்னு நோட்டீஸ் அடிச்சான், மங்களகரமா இருக்கட்டும்னு மஞ்சத் தாள்ல. 'திவால்'னு கொட்டை எழுத்து, 'தசரதன்'னு கொட்டை எழுத்து. நடுவுல 'சட்ட முனைவர்'ன்றது பொடி எழுத்துல கீது. அதுல ஒண்ண வாலாஜாபாத்துக்கும் அனுப்பி வச்சான், அவன் பொண்ணு கங்காவுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளை வூட்டுக்கு.

கங்காவுக்கு அந்தப் பையன ரொம்பப் புடிச்சிருந்தது. அவனோட அப்பா அண்ணாதுரை நோட்டீஸும் கையுமா வந்து உக்காந்தாரு. மரியாதையாத்தான் கேட்டாரு.

"சம்பந்தி, நீங்க திவாலா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

இல்லன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இவன் கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கினான்.

"இதுவரைக்கும் எந்தக் கோர்ட்டும் என்னை அப்படி அறிவிக்கல."

மனுஷன் காப்பியக்கூடத் தொடாம எழுந்து போயிட்டாரு. சட்டப்படி நான் சொன்னது சரிதானேக்கான்னு எங்கிட்ட கேக்கறான். எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. சரிதான்டா, அந்தச் சட்டத்துக்கே உன் பொண்ணக் கட்டிக் குடுன்னேன்.

கங்கா அழுதுகினு உக்காரல. மறுநாளே என்னையும் இழுத்துக்கினு வாலாஜாபாத் பஸ் ஏறுனா. எங்கப்பா கடன்பட்டவரு இல்ல மாமா, கடன்பட்டவங்களப் பத்திப் படிச்சவருன்னு சொன்னா. அண்ணாதுரை சிரிச்சுட்டாரு. கல்யாணம் நிக்காதும்மா, ஆனா பத்திரிகையில அந்தப் படிப்பு மட்டும் வேணாம், எங்க சனங்க தப்பா எடுத்துக்கும்னாரு.

அப்பங்கிட்ட அதைச் சொல்றப்பதான் அவளுக்குக் குரல் உடைஞ்சது. இவன் பத்திரிகைக்கு எழுதி வச்சிருந்த தாள எடுத்து, பட்டத்த அடிச்சுட்டான். அச்சாகி வந்த பத்திரிகையில 'தசரதன், விவசாயி'ன்னு இருந்தது. ஏர் பக்கமே போவாதவன்! எனக்குச் சிரிப்பு வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

பத்திரிகை மூலைக்கு வைக்க மஞ்சளக் கொழைச்சு அவன் முன்னாடி வச்சேன். வெரல முக்குனவன் அப்படியே நிறுத்திட்டு என்னைப் பார்த்தான்.

"இதுல மஞ்சள் இருக்கலாமாக்கா?"

வைடான்னேன்.