டாலாம்னா உள்ளே

மலாய் எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சவன் நான். கடைசியில தண்ணியில நான் பட்டதுதான் பாடு. நான் மட்டும் பட்டிருந்தா இத எழுத உக்காந்திருக்க மாட்டேன்.

நடந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். மார்கழி பொறந்திருந்த நேரம். தங்காக் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல எங்க அக்கா குடும்பம். அங்க போய்ட்டு, தெக்க ஜோகூர்பாரு பக்கம் தம்போய்ல இருக்குற எங்க வீட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தோம், நானும் என் வீட்டுக்காரியும். அவ அப்ப மாசமா இருந்தா. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு, இனிமே இல்லன்னு நாங்களே விட்ட பெறகு வந்த மொதப் புள்ள. அவளப் பெத்தவங்க கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. அதனால எங்க அக்காதான் தாய் வீட்டு மொறைக்கு நின்னு வளைகாப்புப் போட்டாங்க. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அவ தலைய சொறிஞ்சாக்கூட கோயில் மணி மாதிரி சத்தம் கேக்கும்.

வந்த வண்டியப் பத்திச் சொல்லணும். தோட்டத்துலேருந்து அன்னாசிப்பழம் ஏத்தி ஆலைக்குக் கொண்டு போற லாரி என்னுது. புள்ளத்தாச்சிய ரயில்ல, பஸ்ல இடிபட விடலாமான்னு நானே யோசிச்சு, லாரிக்குப் பின்னாடி தகரத்துல கூரை போட்டு, சுத்திப் பலகை அடிச்சு, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தண்ணிப் பானை எல்லாம் வெச்சுக் குட்டி வீடாவே ஆக்கிட்டேன். எனக்கும் அவளுக்கும் நடுவுல பலகையில ஒரு ஓட்டை, சாப்பாட்டுத் தட்டு நீட்டுற அளவுக்கு. வண்டி ஓட்டிக்கிட்டே சூடா காப்பி வாங்கிக் குடிக்கலாம் பாருங்க. அக்கா வீட்டுத் தோட்டத்துல பொம்பளைங்க எல்லாம் வந்து எட்டிப் பாத்துட்டு, அவங்க குடியிருக்குற வரிசை வீட்டுப் பேரையே சேத்து, சக்கரம் வெச்ச லயம்னு பேரு வெச்சாங்க. எனக்குப் பெருமை தாங்கல. ஒரே ஒரு குறை, பின் கதவு நிக்காது. குலுங்குனா தானாத் தொறந்துக்கும். அதுக்கு வெளிப்பக்கமா ஒரு இரும்புத் தாழ்ப்பாள் போட்டு வெச்சேன். அதையும் பெருமையாத்தான் எல்லாருக்கும் காட்டினேன்.

வளைகாப்பு முடிஞ்ச கையோட மழை புடிச்சுக்கிச்சு. லயத்துக் கூரை ஒழுகுது, துணி காயல, வெறகு பத்தல, ஈரக்காத்துல அவளுக்கு இருமல். தை பொறந்து வெயில் வரட்டும், அப்புறமாப் போலாம் தம்பின்னு அக்கா எவ்வளவோ சொன்னாங்க. வளைகாப்புப் போட்ட பொண்ண பாதி மழையில கூட்டிட்டுப் போறது மொறையான்னும் கேட்டாங்க. நான் கேக்கல. மழை வடக்கேருந்து வருது, நாம தெக்க ஓடுனா அதுக்கு முன்னாடி வீடு போய்ச் சேந்துடலாம், மேகத்துக்கு எஞ்சின் கெடையாது, எனக்கு இருக்குன்னு சொல்லிச் சிரிக்க வெச்சேன். எல்லாரும் சிரிச்சா நான் சொன்னது சரின்னு எனக்கு ஒரு நெனப்பு. அந்த வியாதி ரொம்ப நாளா இருக்கு.

லாபிஸ் தாண்டுற வரைக்கும் மழை எங்களுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் எந்தப் பக்கம் பாத்தாலும் மழைதான். மேகத்துக்கும் எஞ்சின் இருந்திருக்கு. மத்தியானம் ஒரு கம்பத்துக்கிட்ட, மலாய்க்காரங்க கிராமத்துக்கிட்ட வந்தப்ப, முன்னால பெரிய ரோட்டுல தண்ணி பெரண்டு ஓடுறது தெரிஞ்சுது. வலது கைப் பக்கம் ஒரு செம்மண் பாதை பிரிஞ்சு ரப்பர் மரத்துக்குள்ள போவுது. பாக்க மேடாத்தான் இருந்துச்சு. அந்த மொனையில ஒரு மலாய்க்காரப் பெரியவரு, வாழையிலையத் தலைக்குப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

நான் வண்டிய நிறுத்தி, இந்த உள் பாதையில போலாமான்னு மலாய்ல கேட்டேன். அவரு கையப் பாதைப் பக்கம் நீட்டி ஆட்டிக்கிட்டே சொன்னாரு: "டாலாம், டாலாம்."

டாலாம்னா உள்ளே. மூட்டைய உள்ள வை, பழத்த உள்ள தள்ளு, மொதலாளி உள்ள இருக்காரா... இத்தன வருஷமா அந்த வார்த்தையத்தான் தின்னு செரிச்சிருக்கேன். தலையையும் ஆட்டுனாரு. நம்மாளுங்க ஆட்டுற ஆட்டத்துலயே ஆமா எது, இல்ல எதுன்னு யாருக்குத் தெரியும்? நான் எனக்குத் தோதானத எடுத்துக்கிட்டேன்.

ஓட்டை வழியா அவ கேட்டா, "என்னங்க சொல்றாரு?"

"உள்ளுக்குப் போகச் சொல்றாரு. விருந்து ஏதும் வெச்சிருப்பாங்க போல."

"கைய ஆட்டுறதப் பாத்தா போகாதங்கற மாதிரில்ல இருக்கு?"

"மலாய் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரிஞ்ச மலாய் தெரிமா காசி மட்டுந்தான். நன்றிங்கற அந்த ஒரு சொல்ல வெச்சே அவ சந்தைக்கும் போய்ட்டு வந்துடுவா.

வண்டிய உள்ள விட்டேன். பெரியவரு பின்னாலயே கத்திக்கிட்டு ஓடி வந்தாரு. கண்ணாடியில பாத்தேன். டாலாம் டாலாம்னு கத்துறாரு. எவ்வளவு மரியாதையான மனுஷன், வழியனுப்ப ஓடி வர்றாருன்னு அவகிட்ட சொன்னேன். வெளிய கைய விட்டு அவருக்கு ஆட்டவும் செஞ்சேன்.

மரத்தத் தாண்டிப் பாதை எறங்குச்சு. எறக்கத்துக்குக் கீழ ஒரு ஓடை, பாதையவே முழுங்கிட்டு நிக்குது. நான் பிரேக்கப் போட்டு, பின்னால எடுக்கலாம்னு பாத்தேன். செம்மண்ணு வழுக்கி வண்டி சுத்திக்கிச்சு. பின்பக்கம் கரை சரிஞ்சு, பின் சக்கரம் ரெண்டும் தண்ணிக்குள்ள எறங்கிடுச்சு. எஞ்சின் நின்னு போச்சு. பாக்கப் பாக்க வண்டியச் சுத்தி நாலு பக்கமும் தண்ணி ஏறிடுச்சு. மூக்கு மேல, வாலு கீழ. என் எடம் மேல, அவ எடம் கீழ.

அப்பத்தான் மண்டையில உறைச்சுது. டாலாம்னா ஆழம்னும் ஒரு அர்த்தம் இருக்கு. அன்னாசி யாவாரத்துல ஆழத்தப் பத்தி யாரு பேசுறா? எனக்கு அந்த அர்த்தம் அதுவரைக்கும் தேவைப்படல.

நீச்சல் தெரியாது எனக்கு. கதவத் தொறந்து எஞ்சின் மூடி மேல ஏறி உக்காந்துக்கிட்டேன். தகரக் கூரையில மழை அடிக்கிற சத்தம் காதப் பொளந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு நடுவுல டங்கு டங்குன்னு வேற ஒரு சத்தமும் கேட்டுச்சு. அதையும் மழைன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

கொஞ்ச நேரத்துல அதே பெரியவரு ஒரு சின்னப் படகுல கழிய ஊனிக்கிட்டு வந்தாரு. மழையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே தூரத்துலேருந்து கத்திக் கேட்டாரு: "டாலாம் ஆடா ஓராங்?"

இப்பத்தான் புது அர்த்தம் படிச்சு முடிச்ச மாணவன் நான். சூடு ஆறல. ஆழமா இருக்கா, ஆள் வரலாமான்னு கேக்குறாருன்னு எடுத்துக்கிட்டேன். ஆழம்னு சொன்னா மனுஷன் பயந்து திரும்பிடுவாரேன்னு, தொண்டை கிழிய, "தாடா டாலாம், பாக்! தாடா!"ன்னு கத்துனேன். இல்ல பெரியவரே, ஆழம் இல்ல, வாங்க வாங்கன்னு.

அவரு கேட்டது என்னன்னா, உள்ள ஆளு இருக்கான்னு. நான் சொன்னது என்னன்னா, உள்ள யாருமில்லன்னு.

அவரு படக நேரா எஞ்சின் மூடிக்குக் கொண்டாந்து நிறுத்துனாரு. நான் குதிச்சேன். படகு ஆடுச்சு, அவரு என் சட்டையப் புடிச்சு உக்கார வெச்சாரு. கழிய ஊனித் திருப்புனாரு. பாதி தூரம் கரைக்கு வந்துட்டோம்.

பெரியவரு கை நின்னுபோச்சு. லாரிப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாரு. நானும் திரும்பிப் பாத்தேன். லாரிக் கண்ணாடிக்கு உள்ள, தட்டு நீட்டுற ஓட்டை வழியா ஒரு கை நீண்டு அசைஞ்சுது. முழங்கை வரைக்கும் வளையல்.

மொதல்ல பாத்தது அவரு. நான் இல்ல.

அது யாருன்னு கேட்டாரு. பினின்னு சொன்னேன், பொண்டாட்டின்னு. அந்த மலாய் வார்த்தை மட்டும் எனக்கு அன்னிக்குச் சரியா வந்துச்சு. அவரு திட்டல. என்னை ஒரு பார்வை பாத்தாரு, அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலன்னு இன்னிக்கு வரைக்கும் தோணுது.

படகத் திருப்பிப் பின்பக்கம் கொண்டு போனாரு. தாழ்ப்பாள் தண்ணிக்குள்ள. நான் மாட்டுனது. அவரு நெஞ்சு வரைக்கும் தண்ணியில எறங்கி, இடுப்புல இருந்த பாராங் கத்திய விட்டு நெம்பிக் கதவப் பேத்தாரு. நான் படக இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். படகுக்கு அது தேவைப்படல.

அவ கட்டில் மேல ஏறி, சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தா. தண்ணி அவ வயித்துக்குக் கீழ வந்து நின்னிருந்துச்சு. ஒரு கையில அகப்பை. அதால பலகையத் தட்டித் தட்டி அந்தக் கை வளையல் எல்லாம் நொறுங்கி, மணிக்கட்டு ரத்தம். இன்னொரு கை வளையல் அப்படியே இருந்துச்சு, ஓட்டையில விட்டு ஆட்டுன கை. பெரியவரு அவள கொழந்தையத் தூக்குற மாதிரித் தூக்கிப் படகுல வெச்சாரு. அவ அழல. அவர மட்டும் பாத்து, "தெரிமா காசி"ன்னா. அவளுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான், அத சொல்ல வேண்டிய ஆளுகிட்ட சொல்லிட்டா.

அவங்க வீடு உயரமான காலு மேல நின்னுச்சு. பெரியவரோட சம்சாரம் அவளுக்குக் காஞ்ச சாரோங் குடுத்து, கையக் கழுவி மருந்து இலை வெச்சுக் கட்டி, வயித்தத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. விடிய விடியப் பேசுனாங்க. நான் ஒரு மூலையில ஒக்காந்திருந்தேன். இடையில அந்தம்மா எனக்கும் ஒரு கோப்பை காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, மூஞ்சியப் பாக்காமப் போனாங்க. தண்ணி வடியிற வரைக்கும் அங்கதான் இருந்தோம். கிளம்புற அன்னிக்குப் பெரியவரு என்னைக் கீழ கூட்டிட்டுப் போனாரு. ஒரு குச்சிய ஓடையில விட்டு, "டாலாம்"னாரு. அப்புறம் வீட்டப் பாத்துக் கையக் காட்டி, அதுக்கும் "டாலாம்"னாரு. நான் தலைய ஆட்டுனேன். இந்தத் தடவ அது ஆமாதான்.

சாமி புண்ணியத்துல தம்போய் வந்து சேந்து, தை கடைசியில பொண்ணு பொறந்துச்சு. அக்காகிட்ட வளையல் ஒடைஞ்ச கதைய ரொம்ப நாள் சொல்லல.

மத்தவங்ககிட்ட? சொல்லாம இருப்பேனா. நாம யாரு. வெள்ளம் வடியிறதுக்குள்ள கதை தயார். டாலாம்னா உள்ளேன்னு நெனச்சேன், அது ஆழம். ஆழம்னு நெனச்சேன், அது உள்ளே. சந்தையில, கோயில்ல, பழம் ஏத்துற எடத்துல, நடிச்சே காட்டுவேன். வாழையிலையத் தலைக்குப் புடிச்சுக்கிட்டு அந்தப் பெரியவர் மாதிரியே ஓடிக் காட்டுவேன். ஜனம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். அலமாக், இவன் பொழைச்சதே பெருசுலான்னு சொல்லும்.

ஆனா அந்தக் கதையில ஒரு எடத்த மட்டும் நான் வேகமாத் தாண்டிடுவேன். அவரு கேட்டது தப்பாப் புரிஞ்சதுன்னே வெச்சுக்குவோம். படகுல ஏறுன பெறகு என் வாயில எந்தப் பாஷையில வேணும்னாலும் ஒரு வார்த்தை வந்திருக்கலாமே. பின்னாடி கைய நீட்டியிருந்தாக்கூடப் போதும். நீட்டல. படகுல காலு வெச்ச நிமிஷம் என் மனசுல இருந்தது என் காலு மட்டுந்தான். பயந்த மனுஷன் எவ்வளவு சின்னவனா ஆயிடுறான்னு வெளிய தெரியாம இருக்க, நான் ஒரு மலாய் வார்த்தையத் தூக்கி முன்னால புடிச்சுக்கிட்டேன். அந்தப் பெரியவரு வாழையிலையப் புடிச்ச மாதிரி.

இப்பல்லாம் லாரிய எடுக்குறதுக்கு முந்தி பின்னாடி போய்க் கதவத் தொறந்து பாத்துட்டுத்தான் ஏறுறேன். வெறும் அன்னாசிதான் இருக்கும். இருந்தாலும் பாப்பேன். ஏன்னு கேக்குற கூலி ஆளுங்ககிட்ட பழம் அழுகுதான்னு பாக்குறேன்னு சொல்லிக்குவேன். கதை சொல்றதையும் விட்டுட்டேன். தானா விடல. பொண்ணுக்குக் காது குத்துன அன்னிக்கு வீடு நெறைய ஆளு. எல்லாரும் கேட்டாங்கன்னு மறுபடியும் ஆரம்பிச்சு, சாப்பாட்டு வாழையிலையவே எடுத்துத் தலைக்குப் புடிச்சு, ஓடி, கத்தி, கூட்டம் சிரிச்சு ஓஞ்சுது. என் வீட்டுக்காரி காப்பித் தட்டோட நின்னுக்கிட்டு இருந்தா. அவளும் சிரிச்சிருப்பான்னு நெனச்சு அவ பக்கம் திரும்புனேன். காப்பிய என் கையில குடுத்துட்டு, சத்தம் போடாமக் கேட்டா:

"மலாய விடுங்க. நான் உள்ள இருக்கேங்கறது உங்களுக்குத் தமிழ்லயாச்சும் தெரிஞ்சிச்சா?"