மச்சானின் கைக்கு அளவாக அக்கா இழைத்த வில்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நாலு பேர் முன் நின்று பேச எனக்கு வராது. அதனால் அவரைப் பற்றித் தெரிந்ததை எழுதி உங்கள் கையில் தருகிறேன்.

அக்கா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அம்மா காய்ச்சலில் இறந்தபோது அவருக்குப் பத்து வயது, எனக்கு நாலு. எனக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுத்தான், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரும் அவரே. தெமோதரையில் மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கல்யாணமாகி எட்டு வருடமாகியும் குழந்தை இல்லை. இடையில், மலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது பாறை உருண்டு மச்சானின் இடக்கை முறிந்தது. கட்டுப் போட்டும் முழங்கை முழுதாக நீளவில்லை. அந்த மாசியில், காமன் கூத்தில் மச்சான் மன்மதன் வேஷம் கட்டுவதாக இருவரும் பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்டார்கள். பரண்மேல் தவமிருக்கும் சிவன் காலடியில் மன்மதன் எய்யும் அம்பு விழ வேண்டும். விழாவிட்டால் நேர்த்தியைச் சாமி ஏற்கவில்லை என்பது தோட்டத்துப் பேச்சு.

வில் செய்தவன் நான். நாலு முழ வில், இரண்டு முழ அம்பு என்று பெரியவர்கள் சொன்னபடி மூங்கிலை அளந்தேன். அளந்தது என் முழங்கையால். நான் நெட்டை, மச்சான் குள்ளம், கையும் மடங்கியது. பழகிப் பார்த்த அன்று அவரால் நாணைப் பாதிதான் இழுக்க முடிந்தது. அம்பு பத்தடி போய்ப் படுத்துவிட்டது. கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிறவர், "மன்மதன் அம்பு சிவனுக்கு இல்லப்பா, தேயிலைக்குத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் வில்லை என்னிடம் கொடுத்து, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மச்சானை வாசலில் நிறுத்தி, இடக்கையை வலிக்காத மட்டும் நீட்டச் சொன்னார். அந்தக் கைப்பிடியிலிருந்து வலது காதுவரை ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டார்.

"கையி நீளாது புள்ள. விட்ரு" என்றார் மச்சான்.

"கையி நீள வேணாங்க. வில்லு வளைஞ்சா போதும்."

என் முழத்துக்கு ஒன்றரைகூட வரவில்லை அந்த நூல். வில்லின் இரு முனையிலும் கொஞ்சம் நறுக்கி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அக்காவே மூங்கிலைச் சுரண்டினார். பத்துத் தடவை சுரண்டியதும் மச்சானை இழுக்கச் சொல்லி, எந்தப் பக்கம் விறைப்பாக நிற்கிறது என்று தள்ளி நின்று பார்ப்பார். அம்பை நூலைவிட நாலு விரல் கூடுதலாக விட்டு நறுக்கினேன். சாயங்காலம் மச்சான் எய்த அம்பு லயத்துக் கூரையைத் தாண்டியது.

கூத்தன்றும் அம்பு சிவன் காலடியில் விழுந்தது. பிள்ளை மட்டும் பிறக்கவே இல்லை. சாமி ஏமாற்றிவிட்டதே என்று பல வருடம் கழித்து நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். அக்கா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, "அப்புடிச் சொல்லாத தம்பி. அன்னைக்கு அம்பு விழுந்ததும் இவரு சிரிச்சாரே, நீ பாக்கலையா?" என்றார்.

கடைசி மூன்று மாதம் மூச்சிளைப்பில் கிடந்தார். மச்சான்தான் கஞ்சி ஊட்டினார். மழையில் அக்காவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற லயத்து ஆட்களுக்கும், கோடித்துணி கொடுத்தனுப்பிய, நானா என்று நாங்கள் கூப்பிடும் பதுளைக் கடை முஸ்லிம் அண்ணனுக்கும் எங்கள் நன்றி.

மச்சான் என் வீட்டுக்கு வந்து தங்க மறுக்கிறார். தெமோதரைப் பக்கம் வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம். அக்காவைப் பற்றிக் கேளுங்கள், சொல்வார்.