குரோமியத் தொட்டியின் குமிழிகள்

யுத்தத்தின் நடுவில் என் அண்ணாவுக்கு வேலை போயிற்று. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தான். கப்பல்கள் வருவது குறைந்ததும் ஆபீஸையே மூடிவிட்டார்கள். மாதுங்காவில் எங்கள் இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, அண்ணா, மன்னி, அவர்களுடைய கைக்குழந்தை, நான். நான் அப்போது காலேஜில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் அலைந்துவிட்டு அண்ணா தாராவியில் ஒரு முலாம் பட்டறையில் கூட்டுச் சேர்ந்தான். கூட்டாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், பித்தளைச் சாமான்களுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவர். அவருக்கு உலோகம் தெரியும். அண்ணாவுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதி ஆர்டர் பிடிக்கத் தெரியும். மின்சாரம் விட்டால் நிக்கல் ஏன் இரும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. டைனமோவை விற்றவன் எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்று மட்டும் காட்டிவிட்டுப் போயிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா அதை என்னிடம் கேட்டான். நான் கண்ணாடி டம்ளரில் மயில்துத்தத்தைக் கரைத்தேன். டார்ச் பேட்டரிகளை வரிசையாக இணைத்து, ஒரு முனையில் செப்புக் கம்பியையும் மறுமுனையில் அம்மாவின் ஜெர்மன் சில்வர் ஸ்பூனையும் கட்டி உள்ளே இறக்கினேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஸ்பூன் சிவந்திருந்தது. இதற்குப் பெயர் எலக்ட்ராலிசிஸ், தமிழில் மின்பகுப்பு என்றேன். கரைசலுக்குள் மின்சாரம் போகும்போது அதிலுள்ள பொருள் பிரிகிறது, உலோகம் ஒரு தகட்டிலிருந்து கரைந்து இன்னொன்றில் போய்ப் படிகிறது என்று விளக்கினேன். செம்பைச் சுத்தம் செய்ய, அலுமினியம் எடுக்க, சோடாக்காரம் செய்ய, முலாம் பூச என்று பரீட்சைக்கு உருப்போட்ட பயன்களையெல்லாம் ஒப்பித்தேன். அண்ணா ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. விஷமென்று அம்மா அந்த ஸ்பூனைத் தூக்கி எறிந்தாள்.

பட்டறை நன்றாக நடந்தது. அடுத்த வருஷம் குரோமிய முலாம் போட ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக் கத்தரிகள், சைக்கிள் கைப்பிடிகள், மோட்டார் கார் சாமான்கள் எல்லாம் வந்தன. ஒருமுறை அண்ணா என்னை அழைத்துப் போய்க் காட்டினான். தகரக் கூரை, ஒரே ஜன்னல். ஈயத் தகடு அடித்த தொட்டியில் கரைசல் செங்காவி நிறத்தில் இருந்தது. மின்சாரம் விட்டதும் அது சோடா போலப் பொங்கிற்று. மேலே லேசான மஞ்சள் மூட்டம் நின்றது. எனக்குத் தும்மல் வந்தது.

"இந்தக் குமிழியெல்லாம் என்ன வாயுடீ?" என்று அண்ணா கேட்டான்.

"இந்தப் பக்கம் ஹைட்ரஜன். அந்தப் பக்கம் ஆக்ஸிஜன்."

"உடம்புக்குக் கெடுதல் ஒண்ணும் இல்லையே?"

"பிராணவாயு கெடுதலா அண்ணா?" என்று சிரித்தேன்.

நான் சொன்ன விடை சரி. பரீட்சையில் அதற்கு முழு மார்க் கிடைத்திருக்கும்.

சில மாதங்களில் அவன் விரல் கணுக்களில் புண்கள் வந்தன. பார்க்க ஆழமாக இருக்கும், வலிக்கவில்லை என்பான். காலையில் மூக்கிலிருந்து ரத்தம் வரும். பம்பாய்ச் சூடு என்று அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். ஒருநாள் மன்னி குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து கருகி, பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அண்ணா அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வாசனையே தெரியவில்லை. மன்னி அன்று மல்லிகைப் பூ, பெருங்காயம், மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாக அவன் மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். அவன் எல்லாவற்றுக்கும் தெரியவில்லை என்று தலையாட்டினான். பிறகு மன்னி அழுதாள்.

தாதரில் ஒரு டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்து, மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். தொழிலை விடச் சொன்னார். அண்ணா விடவில்லை. ஆட்களைத் தொட்டிப் பக்கம் அண்டவிடாமல் அந்த வேலையைத் தானே செய்துவந்தான். அதன்பின் இருமல் பிடித்தது, மாடி ஏற முடியாமல் மூச்சு வாங்கிற்று. சுதந்திரம் வந்த வருஷத்து மழைக்காலத்தில் நிமோனியா கண்டு ஐந்தாம் நாள் போய்விட்டான். அவனுக்கு முப்பத்தொரு வயது.

அதற்குப் பிறகு நான் ஒரு காலேஜ் சோதனைச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நூலகத்தில் முலாம் தொழில் பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. குரோமியத் தொட்டியில் கிளம்பும் குமிழிகள் உடையும்போது அமிலத்தைப் பொடித் துளிகளாகக் காற்றில் தூக்கிவிடும். அது மூக்கை அரித்து நுரையீரலைக் கெடுக்கும். தொட்டி விளிம்பில் காற்றை உறிஞ்சும் குழாய் வைக்க வேண்டும். மூக்குக்குள் வாஸலைன் தடவிக்கொள்ள வேண்டும். அரைப் பக்கம்தான். நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன்.

அன்று சாயங்காலமே தாராவிக்குப் போனேன். கூட்டாளி குரோமியத் தொட்டியை உடைத்துப் போட்டுவிட்டு நிக்கல் மட்டும் செய்துகொண்டிருந்தார். என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு மூக்கு அரிச்சப்பவே சந்தேகந்தான் தங்கச்சி. இந்தப் புகை நல்லதில்லன்னு அவுககிட்டச் சொன்னேன். 'எந் தங்கச்சி படிச்சவ, கெடுதல் இல்லன்னு சொல்லிட்டா'ன்னாக. அதுக்கு மேல நான் என்ன பேச?"

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார் போலிருக்கிறது. இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார். பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, பஸ் வரும்வரை நின்றார்.

நான் மன்னியிடம் மறைக்கவில்லை. அந்த வாரமே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமல் கேட்டாள். "கூட்டாளி சொன்னப்பவாவது உங்கிட்ட ரெண்டாவது தடவை கேட்டிருக்கலாம் அவர்" என்றாள். கோடை லீவில் குழந்தையோடு பாலக்காட்டுக்கு, தன் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாதம் ஒரு கார்டு போடுவாள். அப்பாவின் ரத்த அழுத்தம், அம்மாவின் முழங்கால், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று எல்லாம் விசாரிப்பாள். என் வேலையைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.